ஷட்டர் இழுக்கும் கை

தட்டுக்கடைக்காரரிடம் யாராவது "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டால், அந்த ஆள் அன்றைக்கு வேறு வேலையை மறந்துவிட வேண்டியதுதான். பன்னிரண்டு பீங்கான் கோப்பைகளை ஒரு கூடையில் அடுக்கித் தலையில் சுமந்து இந்தத் தெருவுக்குள் வந்த நாளில் தொடங்கி, இன்றைக்கு மூன்று ஷட்டர் அகலத்துக்குக் கடை போட்டு உட்கார்ந்திருப்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் "சௌக்கியம்" என்பார். பன்னிரண்டில் ஒன்றுகூட வழியில் உடையவில்லை என்பது அந்தக் கதையின் உச்சம். கேட்கிறவர் அந்த இடத்தில் வாயைப் பிளக்காவிட்டால் இன்னொரு தரம் சொல்வார்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் சொந்தக் கையை ஊன்றி எழுந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டியவர்தான். ஆனால் ஒரு பீங்கான் தட்டை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கை விரல் கணுவால் ஒரு சுண்டு சுண்டினால், அதில் மயிரிழை விரிசல் இருக்கிறதா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். பட்டம் வாங்கியவர்கள் பத்துப் பேர் பூதக்கண்ணாடியோடு வந்து நின்றாலும் இந்த வித்தை அவர்களுக்கு வராது. இதையும் அவரேதான் சொல்வார். தன்னைப் புகழும் சிரமத்தை அவர் ஒருநாளும் பிறர் தலையில் வைத்ததில்லை.

கடையின் முன்பக்கம் அவர் ராஜ்யம். கல்லா, தட்டு ரேக்குகள், கண்ணாடி டம்ளர்கள், வாசலோரம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு பெரிய ஜாடிகளை ஏற்றிவைத்த கோபுரம். ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு நடை. அதைத் தாண்டினால் சரக்கு அறை. அங்கே மரப்பெட்டிகளைப் பிரித்து, வைக்கோலை உதறி, கோப்பையும் சாஸரும் ஜோடி சேர்த்து வைப்பது அவருடைய வீட்டம்மாவின் வேலை. தெருவே அவளை அக்கா என்று கூப்பிடுவதால் நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

வந்தவர்கள் முன்னால் நின்று, நீலக் கோடு போட்ட சாஸர் இருக்கிறதா என்று கேட்பார்கள். தட்டுக்கடைக்காரர் மேலே பார்ப்பார், கீழே பார்ப்பார், தொண்டையைக் கனைப்பார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வரும்: மூணாவது ரேக், கீழ்த் தட்டு, இடது கோடி. அவர் போய் அதை எடுத்துவந்து, தனக்கு முதலிலேயே தெரிந்ததுபோல் நீட்டுவார். முப்பத்தாறு வருஷமாக வியாபாரம் இப்படித்தான் நடந்தது. மூளை உள்ளே, வாய் வெளியே.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அது அவர் ஒருவருக்கு மட்டும் என்று சொன்னால் பாவம், கடை வைத்திருக்கிற எல்லாருக்கும் உள்ளதுதான். இடி இடித்தால் மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள், இவர் கை ஷட்டருக்குப் போகும். தெருவில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் ஷட்டர். மாடு மிரண்டு ஓடிவந்தால் ஷட்டர். கொக்கிக் கம்பியை எடுப்பதும், மாட்டுவதும், சர்ரென்று இழுப்பதும், காலால் மிதித்துப் பூட்டைத் திணிப்பதும் மூச்சு விடுவதுபோல் தானாக நடக்கும். அதிலும் அவருக்குப் பெருமை உண்டு. "என் கைக்குத் தனி மூளை" என்பார்.

இந்த ஊர்ப் பக்கம் பூமி கொஞ்சம் விளையாட்டுப் பிள்ளை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை உடம்பைக் குலுக்கும். ரேக்கில் கோப்பைகள் குளிரில் பல் தந்தியடிப்பது மாதிரி கடகடக்கும், அப்புறம் அடங்கிவிடும். யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் போன வருஷம், இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் ஒரு கடைத்தெரு நின்ற நிலையில் உட்கார்ந்துவிட்டது. செய்தியைக் கேட்டபிறகு வியாபாரிகள் சங்கத்தில் யாருக்கும் டீ இறங்கவில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிப்போட்டார்கள். அங்கிருந்து ஒரு அம்மா வந்து சேர்ந்தார். குட்டையான உருவம், கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு நோட்டு. அவரைப் பயிற்சி அம்மா என்று தெரு அழைத்தது. ஒவ்வொரு கடையையும் சோதித்து நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவேன், சங்கத்து வாசலில் ஒட்டுவேன் என்று அவர் சொன்னதும் தட்டுக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் வாங்காமல் விட்ட மார்க்கெல்லாம் வட்டியோடு திரும்பி வருகிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

தெருவே அமர்க்களப்பட்டது. எதிர்ச்சாரியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் அக்காவின் தம்பி, கூரை தொட அடுக்கியிருந்த டப்பாக்களை முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பரப்பினான். அதன்பிறகு ஒரு வாரம் வெள்ளை கேட்டவர்களுக்கெல்லாம் மஞ்சள் போயிற்று. மருந்துக்கடைக்காரர் தையல்காரரிடம் எலாஸ்டிக் வாங்கி ஒவ்வொரு அலமாரிக்கும் குறுக்கே கட்டினார். பாட்டில்களெல்லாம் அரைஞாண் கட்டிய குழந்தைகள் மாதிரி நின்றன. தையல்காரரிடம் இறுக்க எதுவும் இல்லை. எல்லாரும் எதையாவது இறுக்குகிறார்களே என்று தன் முக்காலியைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். அது மெஷினுக்கு ஒரு சாண் தள்ளி அமைந்துவிட்டதால், இன்றுவரை எட்டி எட்டித்தான் தைக்கிறார்.

தட்டுக்கடைக்காரர் மூன்று நாள் மற்ற வேலையைத் தொடவில்லை. ரேக்குகளைச் சுவரோடு இரும்புப் பட்டை வைத்து இறுக்கினார். ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் இரண்டு விரல் உயரத்துக்கு மரச்சட்டம் அடித்தார். கனமானதைக் கீழே இறக்கி, லேசானதை மேலே ஏற்றினார். சுவர் கெட்டியா என்று பயிற்சி அம்மா கேட்டபோது, விரல் கணுவால் சுவரை ஒரு சுண்டு சுண்டிக் காதை வைத்துக் கேட்டு, "நல்ல சத்தம்" என்று சான்றிதழ் கொடுத்தார். அந்த அம்மா துளைபோடும் மெஷினை எடுத்தார். ஜாடிக் கோபுரத்துக்கு மட்டும் தட்டுக்கடைக்காரர் மல்லுக்கு நின்றார்.

"இருபது வருஷமா நிக்குதும்மா. ஒரு நூல் அசைஞ்சதில்ல."

"பூமி இருபது வருஷமா சும்மா இருந்தா அதுக்குப் பேரு நல்ல குணம் இல்லீங்க. லீவு."

கோபுரம் இறங்கியது. தொண்ணூற்றெட்டு மார்க் ஏறியது. தெருவிலேயே முதலிடம். அந்த வாரம் முழுக்க அவருடைய செருப்பு வார் சங்கத்து வாசலில்தான் அறுந்தது. குனிந்து சரிசெய்துகொண்டே, போகிறவர் வருகிறவரிடம், மேலே ஏதோ ஒட்டியிருக்கிறதே, என் கண்ணுக்குத் தெரியவில்லை, கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்பார்.

பொருளுக்குப் பயிற்சி முடிந்தது. அடுத்தது ஆளுக்கு. ஒரு புதன்கிழமை பத்து மணிக்குச் சங்கு ஊதும். ஊதியதும் மேஜைக்கு அடியில் புகுந்து காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது சங்குக்கு எழுந்து, கடையில் இருக்கிற அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி மைதானத்துக்கு நடக்க வேண்டும். இவ்வளவுதான். கைக்குழந்தைகூடச் செய்துவிடும்.

முதல் சங்குக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. இரண்டாவது சங்கு ஊதியதும் தெரு முழுக்க ஒரு சத்தம் கேட்டது. சர்ர், சர்ர், சர்ர். பதினான்கு கடைகளில் பதினொன்று ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டன. பூமியே பிளந்து கடை உள்ளே போனாலும் பூட்டோடு போகட்டும் என்பதுதானே வியாபாரி மனசு. தையல்காரர், கையை விரித்து அளவுக்கு நின்ற ஒரு வாடிக்கையாளரை விரித்த கையோடு உள்ளே வைத்துப் பூட்டினார். மருந்துக்கடை ஷட்டருக்குப் பின்னால் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

மைதானத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவர் நம் ஆள்தான். மூன்று ஷட்டர், மூன்று பூட்டு, நாற்பத்தொரு விநாடி. கையில் டார்ச்சும் தண்ணீர் பாட்டிலும் முதலுதவிச் சாமானும் உள்ள அவசரப் பை. மூச்சுகூட வாங்கவில்லை. பயிற்சி அம்மா நோட்டைப் பிரித்துத் தலை எண்ணினார். உங்கள் கடையில் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு பேர், நானும் என் வீட்டம்மாவும் என்றார் இவர். வீட்டம்மா எங்கே என்று கேட்டார். இவர் வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். கையிலிருந்த பைக்குள்ளும் ஒரு பார்வை பார்த்தார் என்று நேரில் கண்டவர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

அப்போது தெருக்கோடியில் சத்தம் கேட்டது. ஷட்டரை உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம். பதறித் தட்டவில்லை. விருந்தாளி வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் நிதானமாக மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு.

ஓடினார். சாவி துவாரத்துக்குள் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தது. நாற்பத்தொரு விநாடியில் பூட்டியவருக்கு ஒரு பூட்டைத் திறக்க இரண்டு நிமிஷம் பிடித்தது. அக்கா வெளியே வந்தாள். கையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை, பூட்டுகளைப் பார்த்தாள்.

"மூணையும் நல்லாப் பூட்டியிருக்கீங்க. ஒண்ணைக்கூட விடலை."

தெரு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு முகத்தில் அசடு வழிந்தது.

வீட்டுக்குப் போய் அவர் ஆயிரம் சமாதானம் சொன்னார். இது ஒத்திகைதானே, நிஜமாக இருந்தால் உன்னை விட்டுவிட்டு வருவேனா, உன்னை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்க மாட்டேனா என்றார். அக்கா தட்டில் கையைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"நிஜத்துல யோசிக்க நேரம் இருக்காதுன்னுதான் ஒத்திகை வைக்கறாங்க. யோசிக்காதப்போ உங்க கை எங்க போகுதுன்னு இன்னிக்குப் பாத்துட்டேன்."

"அது பழக்க தோஷம் இல்லியா."

"முப்பத்தாறு வருஷமா அந்த ரூம்ல உக்காந்திருக்கேன். பூட்டு பழகின கைக்கு நான் பழகல. நான் உள்ள இருக்கேன்னு உங்க கைக்கு என்னிக்குத் தெரியுதோ அன்னிக்குக் கடைக்கு வர்றேன்."

மறுநாள் காலை இருவரும் ஒன்றாகத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். தெருமுனையில் அவர் இடது சாரிக்குத் திரும்பினார். அக்கா வலது சாரிக்குத் திரும்பித் தம்பியின் பெயின்ட் கடையில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவருக்கு வந்த ஆட்டம், எந்த மீட்டரிலும் பதிவாகாத ஆட்டம்.

ஒரு வாரத்தில் கடையின் சாயம் வெளுத்துவிட்டது. சிவப்புக் கோப்பைக்குப் பச்சை சாஸர் போயிற்று. ஆறு பேருக்கான செட் வாங்கிப் போனவர் வீட்டில் திறந்து பார்த்தால் ஏழு மூடியும் ஐந்து கிண்ணமும் இருந்தன. எது எங்கே இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் இவரைக் கேட்பதை விட்டுவிட்டார்கள். வாசலுக்கு வந்து எதிர்க்கடையைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். அக்கா அங்கே பெயின்ட் டப்பாவைத் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், ரெண்டாவது ரேக், மேல் தட்டு, பேப்பர் சுத்தி வச்சது என்பாள். தெரு அகலம் முப்பதடி. மூளைக்கும் வாய்க்கும் நடுவில் லாரி போய்வந்துகொண்டிருந்தது.

கையைத் திருத்துவது என்று அவர் முடிவு செய்தார். அலாரம் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கல்லாவில் வைத்து, கண்டபடி நேரம் மாற்றி முடுக்கிவிட்டார். அது அடிக்கும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று திட்டம். அது அடித்தது. கை ஷட்டருக்குப் போனது. கொக்கிக் கம்பியைத் தையல்காரரிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொன்னார். மறுபடி அடித்தது. கை வெறுங்காற்றில் கம்பியை எடுத்து, வெறுங்காற்றில் மாட்டி இழுத்தது. எதிரே பெயின்ட் கடையில் மைத்துனன் வாயில் துணியை அடைத்துக்கொண்டான்.

கடைசியில் வெட்கத்தை விட்டுப் பயிற்சி அம்மாவிடமே போய் நின்றார். நான் சொன்னால் ஊரே கேட்கும், என் கை கேட்க மாட்டேன் என்கிறது என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. கையை நிறுத்த யாராலும் முடியாது, கைக்கு வேறு வேலை கொடுத்துப் பாருங்கள் என்றார். உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுகிற வேலையைக் கொடுங்கள், எண்ணி முடிக்கிறவரை அது எங்கும் போகாது.

எண்ணிக்கை எழுதி வைப்பதெல்லாம் இவருக்கு ஒத்துவராது. ஆகையால் தன் தொழிலிலேயே வழி கண்டுபிடித்தார். கல்லா மேல் எட்டுக் கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தார். கடைக்குள் ஒருவர் வந்தால் ஒரு கோப்பையை நிமிர்த்துவார். ஒருவர் வெளியே போனால் ஒன்றைக் கவிழ்ப்பார். எத்தனை வாய் மேலே பார்க்கிறதோ அத்தனை உயிர் உள்ளே. கோப்பையைத் தொட்டுத் தொட்டுக் கை அதற்குப் பழகியது. அலாரம் அடித்தால் கை முதலில் கோப்பைக்குப் போய், அப்புறம்தான் ஷட்டரை நினைத்தது. தெரு முதலில் கேலி செய்தது, அப்புறம் காப்பியடித்தது. மருந்துக்கடையில் காலி பாட்டில், தையல்கடையில் சட்டைப் பித்தான். இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று தெரியாத ஒரு குழந்தைகூட அந்த வட்டாரத்தில் இல்லாதபடி அவர் பார்த்துக்கொண்டார்.

அடுத்த மாதம் இரண்டாவது ஒத்திகை. இவர் கையில் கோப்பை, உள்ளே இருந்த நான்கு வாடிக்கையாளர்களும் வெளியே, ஷட்டர் திறந்தபடி. நூற்றுக்கு நூறு. வெற்றி வீரன் மாதிரி நேரே பெயின்ட் கடை வாசலுக்குப் போய் நின்றார். நாளைக்கு வருகிறாயா என்று வாய்விட்டுக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. நூறு போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

"நாளும் நேரமும் முன்னாடியே சொல்லிட்டாங்கல்ல" என்றாள் அக்கா. "சொல்லி வச்சா உங்க கை நல்லாத்தான் நடிக்கும்."

அவர் பெட்டிப்பாம்பாகத் திரும்பிவந்தார்.

இதற்கு நடுவில் அவருக்குத் தெரியாத ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அக்காவுக்குப் புருஷன் மேல் கோபம், சரக்கு மேல் கோபம் கிடையாது. தான் ஜோடி சேர்த்த சாஸர்கள் அநாதையாகப் போவதை எதிர்க்கடையில் உட்கார்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. சரக்கு அறைக்குப் பின்சந்துப் பக்கம் ஒரு கதவு உண்டு. அதன் சாவி அவளிடம்தான். முதல் ஒத்திகையன்றே அந்த வழியாக அவள் வெளியே வந்திருக்கலாம், பூட்டின கையே வந்து திறக்கட்டும் என்றுதான் ஷட்டரைத் தட்டினாள். மதியம் தட்டுக்கடைக்காரர் கல்லாவில் சாய்ந்து கண்ணை மூடி யோசிக்கிற வழக்கம் உள்ளவர். அந்த யோசனை தெருவுக்கே கேட்கும். அந்த நேரம் பார்த்து அக்கா சந்து வழியாக வந்து, சத்தமில்லாமல் பெட்டியைப் பிரித்து, ஜோடி சேர்த்து, ரேக்குக்குப் போக வேண்டியதை நடையோரம் வரிசையாக வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

யோசனை கலைந்து எழுந்தவர், சரக்கு ஒழுங்காக இருப்பதைப் பார்த்தார். தனக்கே கை வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார். ஒரு பெண்பிள்ளை இல்லாவிட்டால் வியாபாரம் நின்றுவிடுமா என்று மைத்துனனிடம் மீசையை நீவினார். உள்ளே எப்போதாவது பேப்பர் சரசரக்கும். எலி என்று முடிவு கட்டி ஒரு எலிப்பொறி வாங்கி வைத்தார். மைத்துனன் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "பெரிய எலியா மாமா?" என்று கேட்டான். சத்தத்தைப் பார்த்தால் நல்ல வாட்டசாட்டமான எலிதான் என்றார் இவர். அந்தப் பதில் அப்படியே அக்கா காதுக்குப் போனது. மறுநாள் பொறி, வாயைத் திறந்தபடி அவருடைய நாற்காலி மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கும் அவருக்குப் புத்தி ஓடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை புதுச் சரக்கு வந்திருந்தது. இரண்டு பெரிய மரப்பெட்டிகள். பெட்டிகள் பெரிதாக இருந்ததால் அக்காவுக்கு நேரம் இழுத்துவிட்டது. அவர் எழுந்தபிறகும் அவள் போகவில்லை. பிரிக்கும் மேஜையில் பாதி வேலை கிடந்தது. முன்னால் ஒரு தாயும் மகளும் கிண்ணம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லா மேல் இரண்டு கோப்பை நிமிர்ந்திருந்தது. பின்கதவு வழியாக வந்தவளுக்குக் கோப்பை இல்லை.

மூன்று மணி இருக்கும். முதலில் கோப்பைகள் பேசத் தொடங்கின. வழக்கமான கடகடப்பு என்று நினைத்தார். அப்புறம் தரை, யாரோ கீழே இருந்து தோள் கொடுத்து நெம்புவதுபோல் எழும்பியது. விளக்கு அணைந்தது. தாயையும் மகளையும் கல்லா மேஜைக்கு அடியில் தள்ளித் தானும் புகுந்து மேஜைக் காலைக் கட்டிக்கொண்டார். மேலே ரேக்குகள் சுவரோடு முனகின. மரச்சட்டத்தில் தட்டுகள் வந்து வந்து மோதின. எங்கேயோ எதுவோ விழுந்து சிதறியது. இருபது விநாடி என்று பிறகு சொன்னார்கள். அவரைக் கேட்டால் அரை நாள் என்பார்.

உள்ளே அக்காவும் பிரிக்கும் மேஜைக்கு அடியில்தான் இருந்தாள். ஆட்டம் நின்றதும் பின்கதவுக்குப் போனாள். ஒரு மரப்பெட்டி சரிந்து கதவின் குறுக்கே அடைத்துக்கொண்டு கிடந்தது. நகர்த்திப் பார்த்தாள், நகரவில்லை. மிச்சம் இருந்தது முன்பக்கம் ஒன்றுதான். நடையில் தடவித் தடவி வந்தாள். வரும்போதே காது ஒரு சத்தத்துக்குக் காத்திருந்தது. வெளியே தெருவில் அந்தச் சத்தம் கேட்கவும் செய்தது. சர்ர் என்று ஒரு கடை. சர்ர் என்று இன்னொரு கடை. எத்தனை ஒத்திகை வைத்தால் என்ன, கை கைதானே.

முன்னால் தட்டுக்கடைக்காரர் தாயையும் மகளையும் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டார். கோப்பை இரண்டு, உயிர் இரண்டு, கணக்குச் சரி. தையல்காரர் திருப்பிக் கொடுத்திருந்த கொக்கிக் கம்பி அவருடைய தோளுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. எதிரே பெயின்ட் கடையின் பெயர்ப்பலகை ஒரு பக்கம் கழன்று ஊசலாடிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தார். ஒரு செருப்பு கடைக்குள், ஒரு செருப்பு வாசலில், மனிதர் வெறுங்காலோடு தெருவைக் குறுக்கே கடந்து ஓடினார். அவருடைய வயதுக்கும் தொந்திக்கும் அந்த ஓட்டம் கொஞ்சம் அதிகம்தான்.

"உங்க அக்கா எங்கடா?"

மைத்துனன் அப்போதுதான் டப்பாக்களுக்கு நடுவிலிருந்து எழுந்துகொண்டிருந்தான். தலையிலிருந்து கால்வரை இளநீலம். வாயைத் திறந்தான், வெளியே வந்ததும் பெயின்ட்தான். கையை மட்டும் நீட்டித் தெருவின் அந்தப் பக்கம் காட்டினான். இவர் அதைப் பார்க்கவில்லை. அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போய், பெயின்டில் வழுக்கி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். அவளை மாத்திரம் காணோம் என்றார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. குரல் உடைந்து இரண்டாகப் போயிருந்தது.

அக்கா தட்டுக்கடை வாசலுக்கு வந்து நின்றாள். மூன்று ஷட்டரும் மேலே சுருண்டு கிடந்தன. கல்லாப்பெட்டி திறந்து கிடந்தது. வாசலில் ஒற்றைச் செருப்பு. முப்பத்தாறு வருஷத்தில் அந்தக் கடை ஆளில்லாமல் திறந்து கிடந்து அவள் பார்த்ததில்லை. அப்புறம் தெருவைக் கடந்து வந்தாள்.

"இங்க இருக்கேன்."

அவர் தரையில் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்க முயன்றார், வழுக்கியது. அவள் கை கொடுத்தாள். அந்தக் கையைப் பிடித்தவர் எழுந்து நின்றபிறகும் விடவில்லை.

"எங்க போயிட்டே?"

"உள்ளதான் இருந்தேன். நம்ம கடையில."

அவருக்கு அது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. திரும்பித் தன் கடையைப் பார்த்தார். திறந்து கிடந்த மூன்று ஷட்டரையும் பார்த்தார். அவற்றை இறக்கியிருந்தால் என்று நினைத்ததும் முகம் வெளுத்துப்போனது.

"கடை திறந்து கெடக்கு" என்றாள் அக்கா, மெதுவாக.

"கெடக்கட்டும்."

மைதானத்துக்கு இருவரும் கையைப் பிடித்தபடியே போனார்கள். கையை விடாததற்குக் காரணம் பெயின்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டதுதான் என்று மைத்துனன் சொல்லித் திரிகிறான். அவன் வாயை யார் மூடுவது.

அரைமணி நேரத்தில் பயிற்சி அம்மா வந்து சேர்ந்தார். தெருவில் யாருக்கும் பெரிய அடி இல்லை. தட்டுக்கடையில் பதினேழு உருப்படி போயிருந்தது, அவ்வளவுதான். ரேக்கும் சட்டமும் தங்கள் வேலையைச் செய்திருந்தன. மூன்று கடைகள் மறுபடி ஆளை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தன. அதற்கெல்லாம் திட்டி முடித்துவிட்டு, தட்டுக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். ஆடி முடித்த தெருவில், தொங்கும் பலகைக்கு அடியில், செருப்பில்லாமல் ஓடியது யார் புத்தி என்று கேட்டார். தன் கடையின் உள்ளறையைப் பார்க்காமல் அடுத்தவன் கடையில் போய்த் தேடியது என்ன கணக்கு என்று கேட்டார். நோட்டில் நூறை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினார். மைதானமே அவரைப் பார்த்தது. மார்க்குக்காகச் சங்கத்து வாசலில் செருப்பு அறுந்தவர் என்ன செய்யப்போகிறாரோ என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"சரியாத்தான் போட்டிருக்கீங்கம்மா" என்றார் அவர்.

அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான், இரண்டு மாதத்தில் முதல்தடவையாக, அவள் சிரித்தாள்.

மறுநாள் காலை அக்கா தெருமுனையில் இடது சாரிக்குத் திரும்பினாள். முன்வாசல் வழியாகக் கடைக்குள் போனாள். பிரிக்கும் மேஜையைச் சரக்கு அறையிலிருந்து வாசலோரம், ஜாடிக் கோபுரம் நின்ற இடத்துக்கு மாற்றச் சொன்னாள். வாடிக்கையாளர் வந்து பார்க்கிற இடத்தில் வைக்கோலும் பேப்பருமா என்று அவர் ஒரு வார்த்தை இழுத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேஜையின் ஒரு பக்கத்தைத் தையல்காரரும், ஒரு பக்கத்தை அவருமாகத் தூக்கிவந்து போட்டார்கள். இப்போது மூளையும் வாசலில், வாயும் வாசலில். வியாபாரம் முன்னைவிட நன்றாக நடக்கிறது.

அவரிடம் யாராவது "சௌக்கியமா?" என்று கேட்டால் கதை இப்போது இன்னும் கொஞ்சம் நீளம். அவள் உள்ளேதான் இருக்கிறாள் என்பது தனக்கு அன்றைக்கே தெரியும் என்பார். மைத்துனன் பயந்த சுபாவம், தனியாக என்ன ஆனானோ என்று பார்க்கத்தான் ஓடினேன் என்பார். கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை, பெயின்ட்தான் ஒட்டியது என்று கேட்கிறவர்கள் மனசுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

அக்கா அதை மறுத்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. கதை முடிகிற இடத்தில், அடுத்த பெட்டியைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டு, வைக்கோலை உதறச் சொல்வாள். அவரும் உட்கார்ந்து உதறுவார்.